அண்ணன் லீவு போட்ட வாரமும் சம்பளம் சரியாக வர வேண்டும்

கேள்வி: திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனியில், ஆறு மாதமாக டேட்டா பிராசஸிங் பிரிவுக்கு நான் பொறுப்பு. மூன்று யூனிட், சுமார் 1,400 தொழிலாளர்கள். என் பிரிவில் 11 பேர். வருகைப் பதிவு, வாரச் சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ., டி.சி. (துணி வெளியே போய் வருவதற்கான டெலிவரி சலான்) என்ட்ரி, ஜிஎஸ்டி பில் எல்லாம் எங்கள் கையில்தான். இரண்டு மாதம் முன்பு யூனிட் 2-இன் வியாழக்கிழமை வருகை ஃபைல் இரண்டு முறை ஏறிவிட்டது. 386 பேருக்கு ஒரு நாள் சம்பளம் கூடுதலாகப் போய்விட்டது. அடுத்த வாரம் பிடித்தபோது பெரிய தகராறு. பன்னிரண்டு டெய்லர்கள் வேலையை விட்டே போய்விட்டார்கள். "முப்பது நாளில் எல்லாத்துக்கும் எஸ்.ஓ.பி. போட்டுக் குடும்மா" என்கிறார் டைரக்டர் (எஸ்.ஓ.பி. என்றால் ஒவ்வொரு வேலையையும் எப்படிச் செய்வது என்று எழுதி வைக்கும் நடைமுறை). முன்பு ஒரு கன்சல்டன்ட் தயாரித்துக் கொடுத்த 140 பக்க ஃபைல் அலமாரியில் இருக்கிறது. யாரும் திறப்பதில்லை. எங்கள் பிரிவில் 22 வருடமாக இருக்கும் சீனியர் அண்ணனுக்கு எல்லாம் மனப்பாடம். "எழுதி வச்சுட்டா அப்புறம் நான் எதுக்கு?" என்று அவர் வருத்தப்படுகிறார். எங்கிருந்து தொடங்குவது ஐயா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்த இடம் அந்தப் பன்னிரண்டு டெய்லர்களைப் பற்றியது. கம்ப்யூட்டர் அறையில் நடந்த தப்புக்கு, தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தவர்கள் வேலையை விட்டுப் போயிருக்கிறார்கள். கைக்கு வந்த பணத்தை வீட்டு வாடகைக்கும் மளிகைக் கடைக்கும் கொடுத்து முடித்த பிறகு "அது உங்க பணம் இல்லை" என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? நீங்கள் எழுதப்போகும் எஸ்.ஓ.பி. இவர்களுக்காக இருக்கட்டும். டைரக்டர் மேஜைக்காக எழுதினால் இன்னொரு 140 பக்கம்தான் கிடைக்கும்.

நான் முப்பது வருடத்துக்கு மேல் மில்களிலும் ஏற்றுமதி கம்பெனிகளிலும் இ.டி.பி. (கம்ப்யூட்டரில் கணக்குப் போடும்) பிரிவில் வேலை பார்த்தவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: எங்கே அடிபட்டதோ அங்கிருந்தே தொடங்குங்கள். உங்கள் விஷயத்தில் அது யூனிட் 2-இன் வருகை ஃபைல்.

அந்த வாரம் என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். ஃபைல் ஏறிக்கொண்டிருக்கும்போது நெட் லைன் கட்டாகியிருக்கும். ஏறியதா இல்லையா என்று தெரியாமல் உங்கள் உதவியாளர் இன்னொரு முறை ஏற்றியிருப்பார். அவர்மேல் குற்றம் இல்லை. ஏறியதா என்று பார்க்க அவரிடம் ஒரு எண் இருந்திருக்க வேண்டும். வருகையைக் குறிக்கும் டைம் ஆபீஸில் இருந்து "386 பேர்" என்று ஒரு துண்டுச் சீட்டு வந்திருந்தால், திரையில் 772 என்று வந்த நிமிடமே தெரிந்திருக்கும்.

இதற்குப் பழைய பெயர் பேட்ச் சிலிப். விவரங்களை அட்டையில் ஓட்டைகளாகப் போட்டுக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்த கார்டு பஞ்ச் காலம், நான் வேலைக்குச் சேர்ந்தபோது முடிந்துவிட்டது. ஆனால் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர்கள் அந்தக் காலத்து ஆட்கள். அப்போது ஒருவர் பஞ்ச் செய்த கார்டை, அதே தாளைப் பார்த்து இன்னொருவர் வெரிஃபையர் மெஷினில் திரும்ப அடிப்பார். பொருந்தாத கார்டின் விளிம்பில் மெஷின் ஒரு வெட்டுப் போட்டுவிடும். அதற்கும் மேலே, ஒவ்வொரு கார்டுக் கட்டுக்கும் ஒரு சீட்டு இருக்கும். அந்தச் சீட்டு இல்லாமல் எந்தக் கட்டும் மெஷின் அறைக்குள் போகாது. மெஷின்கள் மாறிவிட்டன. அந்தச் சீட்டின் வேலையை நாம் பல கம்பெனிகளில் விட்டுவிட்டோம்.

உங்கள் சீட்டில் மூன்று எண் போதும். எத்தனை பேர், மொத்தம் எத்தனை ஷிப்ட், டோக்கன் நம்பர்களின் (ஒவ்வொரு தொழிலாளிக்கும் கம்பெனி கொடுத்த எண்) கூட்டுத்தொகை. மூன்றாவதைக் கேட்டு டைம் ஆபீஸ்காரர் "டோக்கன் நம்பரைக் கூட்டி என்ன செய்ய?" என்பார். அவருக்கு இப்படிக் காட்டுங்கள். ஐந்து பேர் வந்திருக்கிறார்கள்: 2014, 2037, 2041, 2058, 2070. ஷிப்ட் முறையே 1, 1½, 1, 1½, 1. ஆள் 5, ஷிப்ட் 6, டோக்கன் கூட்டுத்தொகை 10,220. என்ட்ரி போடும் பெண் 2041-ஐ 2014 என்று அடித்துவிட்டார். ஆள் கணக்கு 5 தான். ஷிப்டும் 6 தான். இரண்டும் சரியாக இருக்கும். ஆனால் ஒருவருக்கு இரண்டு நாள் சம்பளம் போகும், இன்னொருவருக்கு ஒன்றும் போகாது. டோக்கன் கூட்டுத்தொகை மட்டும் 10,193 என்று நிற்கும். வித்தியாசம் 27. அது ஒன்பதால் வகுபடுகிறதா என்று பாருங்கள். வகுபட்டால் பெரும்பாலும் இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கும். பழைய கணக்குப்பிள்ளைகளுக்குத் தெரிந்த வித்தை இது. எங்கே தேடுவது என்று உடனே தெரிந்துவிடும்.

இது சின்னக் கம்பெனிக்கான யோசனை என்று நினைக்க வேண்டாம். 2020-இல் இங்கிலாந்தில், செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை, 15,841 கொரோனா நோயாளிகளின் விவரம் அரசுக் கணக்கில் சேராமல் போனது. ஆய்வகங்களில் இருந்து வந்த பட்டியலைப் பழைய வகை எக்செல் ஃபைலில் இழுத்திருக்கிறார்கள். அதில் ஒரு தாளில் 65,536 வரிக்கு மேல் நிற்காது. மீதி விழுந்துவிட்டது. யாருக்கும் எந்த எச்சரிக்கையும் வரவில்லை. அவர்களோடு தொடர்பில் இருந்தவர்களைத் தேடும் வேலையும் அதனால் நாள்கணக்கில் தாமதமானது. அனுப்பியது எத்தனை, ஏறியது எத்தனை என்று இரண்டு எண்ணைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

சீட்டோடு சேர்ந்து ஃபைல் பெயருக்கும் ஒரு ஒழுங்கு வேண்டும். யூனிட், தேதி, வரிசை எண். தேதியில் வருடம் முதலில், மாதம் அடுத்து, நாள் கடைசியில் வந்தால் ஃபைல்கள் தானாக வரிசையில் நிற்கும். 05-06 என்றால் ஜூன் ஐந்தா மே ஆறா என்ற சண்டையும் வராது. ஒரே யூனிட், ஒரே தேதி, ஒரே வரிசை எண் இரண்டாம் முறை வந்தால் புரோகிராம் தள்ளிவிட வேண்டும். சாஃப்ட்வேர்காரரிடம் கேளுங்கள், ஒரு நாள் வேலை. திருத்திய ஃபைல் வர வேண்டியிருந்தால் வரிசை எண் 02 என்று வரட்டும். அப்போது 01-ஐ முழுதாக எடுத்துவிட்டுத்தான் 02 ஏற வேண்டும். நான் பார்த்த விபத்துகளில் பெரும்பாலானவை முதல் ஓட்டத்தில் நடந்தவை அல்ல, பாதியில் நின்றதைத் திரும்ப ஓட்டும்போது நடந்தவை. அதனால் ஒவ்வொரு வேலையின் தாளிலும் "பாதியில் நின்றால் என்ன செய்வது" என்ற பகுதி கட்டாயம் இருக்கட்டும். எந்த இடம் வரை முடிந்தது என்று எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது, எதை அழித்துவிட்டு எங்கிருந்து தொடங்குவது, இரவு பத்து மணிக்கு யாரைக் கூப்பிடுவது. இவற்றை விளக்கமாக எழுதுங்கள். மற்றதைச் சுருக்கிக்கொள்ளலாம்.

அந்த 140 பக்கம் ஏன் யாருக்கும் உதவவில்லை என்று யோசித்தேன். இரண்டு தனி விஷயங்களைப் போட்டுக் குழப்பியிருப்பார்கள். தரநெறி வேறு, நடைமுறை வேறு. "தேதியை வருடம்-மாதம்-நாள் என்றுதான் எழுத வேண்டும்" என்பது தரநெறி. எல்லா வேலைக்கும் பொது, அடிக்கடி மாறாது. மொத்தமும் நாலு பக்கத்துக்குள் அடங்க வேண்டும். "வியாழக்கிழமை வருகையை வெள்ளி காலை 11 மணிக்குள் டைம் ஆபீஸ் அனுப்ப வேண்டும், வராவிட்டால் யூனிட் மேனேஜருக்கு போன்" என்பது நடைமுறை. ஒரு வேலைக்கு ஒரு தாள். அந்த வேலை நடக்கும் மேஜையிலேயே ஒட்டியிருக்க வேண்டும். அலமாரிக்குள் போனால் அதன் கதை முடிந்தது.

அந்த நாலு பக்கத்தில் உங்கள் ஊருக்கே உரிய சில விஷயங்களையும் சேருங்கள். டோக்கன் நம்பர், பேங்க் அக்கவுண்ட் நம்பர் இவையெல்லாம் எக்செல்லில் எழுத்தாகத்தான் நிற்க வேண்டும், எண்ணாக அல்ல. எண்ணாக வைத்தால் முன்னால் இருக்கும் பூஜ்யம் போய்விடும். பதினைந்து இலக்கத்துக்கு மேல் போனால் அதற்கு அப்புறம் உள்ளதை எக்செல் பூஜ்யமாக்கிவிடும். பதினாறு இலக்க அக்கவுண்ட் நம்பரின் கடைசி இலக்கம் மாறினால் சம்பளம் போய்ச் சேராது, அல்லது வேறு யாருக்கோ போய்ச் சேரும். அடுத்தது பெயர். கே. முருகன், முருகன் கே, முருகன் கருப்பசாமி என்று ஒரே ஆளுக்கு மூன்று பதிவு இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களின் பெயரை ஒவ்வொரு யூனிட்டிலும் காதில் விழுந்தபடி எழுதுகிறார்கள். ஆதாரில் இருப்பது போலத்தான் பெயர், இனிஷியல் எங்கே வரும் என்பதும் அதன்படியே, என்று ஒரு வரி எழுதுங்கள். பி.எஃப். பணம் எடுக்கப் போகும் நாளில் அந்த ஒரு வரி ஒரு குடும்பத்தின் பல மாத அலைச்சலை மிச்சப்படுத்தும்.

சரி, மாற்றங்களுக்கு வருகிறேன். இதில் என் சொந்த அனுபவத்தைச் சொல்ல வேண்டும்.

1994 தீபாவளிக்கு முந்தைய வாரம். நான் அப்போது இருந்த மில்லுக்கு இரண்டு கிளை. போனஸ் கணக்கு இரண்டுக்கும் ஒரே புரோகிராம். ஒரு கிளைக்கு மட்டும் சதவீதத்தைக் கூட்டச் சொல்லி மேலிடத்தில் இருந்து சாயங்காலம் வாய்மொழியாகச் சொன்னார்கள். அவசரம் என்று நானே புரோகிராமுக்குள் போய் எண்ணை மாற்றினேன். அந்த எண் இரண்டு கிளைக்கும் பொது என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. சம்பளக் கவர்களில் பணம் போட்டு முடித்த பிறகுதான் மொத்தத் தொகை இடித்தது. கேஷ் செக்‌ஷனில் இருந்த ஆறு பெண்கள் இரவெல்லாம் உட்கார்ந்து, ஒட்டிய கவர்களைப் பிரித்து, எண்ணி, திரும்ப ஒட்டினார்கள். அதில் ஒருவருக்கு வீட்டில் கைக்குழந்தை இருந்தது. விடிந்த பிறகு அவர் கணவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கேட்டில் வந்து நின்றது இன்றும் என் கண்ணில் நிற்கிறது. அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரை, எழுத்தில் வராத எந்த மாற்றத்தையும் நான் செய்ததில்லை. எம்.டி.யே வந்து நின்றாலும் "ஒரு நிமிஷம் சார், இந்தத் தாளில் ஒரு கையெழுத்து" என்றுதான் சொல்வேன். ஒருவரும் கோபித்துக்கொண்டதில்லை.

மாற்றத் தாள் ஒரு பக்கம்தான். யார் கேட்டது, எது மாறுகிறது, பழைய மதிப்பு, புதிய மதிப்பு, எந்தத் தேதியிலிருந்து, எந்த யூனிட்டுக்கு, யார் நகலில் ஓட்டிப் பார்த்தது, யார் அனுமதித்தது. செய்தவரும் சரிபார்த்தவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. பதினொரு பேர் இருக்கும் இடத்தில் இது முடியும்.

அப்புறம், சட்டம் சொல்லும் விகிதங்கள் புரோகிராமுக்குள் புதைந்து கிடக்கக் கூடாது. தனி அட்டவணையில், "இந்தத் தேதியிலிருந்து" என்ற பத்தியோடு இருக்க வேண்டும். பி.எஃப். சம்பள உச்சவரம்பு 6,500-லிருந்து 15,000 ஆனது 2014 செப்டம்பரில். இ.எஸ்.ஐ. வரம்பு 15,000-லிருந்து 21,000 ஆனது 2017 ஜனவரியில். இ.எஸ்.ஐ.யில் தொழிலாளி பங்கு 1.75 சதவீதத்திலிருந்து 0.75-க்கும், கம்பெனி பங்கு 4.75-லிருந்து 3.25-க்கும் குறைந்தது 2019 ஜூலையில். கொரோனா வந்த 2020-இல் மே, ஜூன், ஜூலை மூன்று மாதச் சம்பளத்துக்கு மட்டும் பி.எஃப். 12-லிருந்து 10 ஆகி, திரும்ப 12 ஆனது. இப்படி மாறிக்கொண்டே இருப்பதைப் புரோகிராமுக்குள் எழுதி வைத்தால், பழைய மாதத்துக்கு அரியர் போடும்போது இன்றைய விகிதத்தில் பிடித்துவிடுவோம்.

விகிதத்தைவிட நுணுக்கமான ஒன்று இ.எஸ்.ஐ.யில் இருக்கிறது. ஏப்ரல்-செப்டம்பர், அக்டோபர்-மார்ச் என்று இரண்டு பங்களிப்புக் காலம். நடுவில் ஒருவரின் சம்பளம் வரம்பைத் தாண்டினாலும் அந்தக் காலம் முடியும் வரை பிடித்தம் தொடர வேண்டும். சம்பளம் கூடிய மாதமே நிறுத்திவிட்ட இடங்களைப் பார்த்திருக்கிறேன். ஆஸ்பத்திரிக்குப் போன பிறகுதான் அந்தத் தொழிலாளிக்கே விஷயம் தெரியும். இந்த விதி உங்கள் அண்ணனுக்கு நிச்சயம் தெரிந்திருக்கும். அவருக்கு அடுத்தவருக்குத் தெரியுமா? அதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும்.

அண்ணனைப் பற்றிப் பேசிவிடுவோம். உங்கள் கடிதத்தில் சட்டத்தையும் சாஃப்ட்வேரையும் விடக் கஷ்டமான விஷயம் அவர்தான். தவறாகக் கையாண்டால் எஸ்.ஓ.பி. வந்தும் பயன் இருக்காது.

அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. "எல்லாத்தையும் எழுதி வாங்கிட்டு, அப்புறம் வீட்டுக்கு அனுப்பிடுவாங்க" என்று நம் கம்பெனிகளில் நடந்தும் இருக்கிறது. அதனால் முதலில் டைரக்டரிடம் போய், அண்ணனுக்கு இந்த வேலையில் என்ன இடம் என்று எழுத்தில் வாங்குங்கள். நடைமுறைத் தாள்களுக்கு ஒப்புதல் கையெழுத்து அவருடையது, அவர் பார்க்காமல் எந்தத் தாளும் மேஜைக்குப் போகாது, இனி புதிதாகச் சேருபவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது அவர் பொறுப்பு, அதற்கு ஏற்ற சம்பளம். இதை டைரக்டர் அவரைக் கூப்பிட்டு நேரில் சொல்ல வேண்டும். நீங்கள் போய்ச் சொன்னால் எடுபடாது. அவரைவிட நீங்கள் வயதில் சின்னவர், ஆறு மாதம் முன்பு வந்தவர்.

அடுத்து, அவரை எழுதச் சொல்லாதீர்கள். மனப்பாடமாக வேலை செய்பவர்களுக்குத் தாங்கள் என்ன செய்கிறோம் என்பதே முழுதாகத் தெரியாது, கை தானாகச் செய்துகொண்டு போகும். கடைசியாகச் சேர்ந்த பெண்ணையோ பையனையோ ஒரு நோட்டோடு அவர் பக்கத்தில் உட்கார வையுங்கள். அவர் வழக்கம்போல வேலை செய்யட்டும். இவர் பார்ப்பதை எழுதட்டும். "அண்ணா, இப்ப ஏன் அந்த லிஸ்ட்டை ஒருமுறை ஓட்டிப் பார்த்துட்டு மூடினீங்க?" என்ற கேள்விக்கு வரும் பதிலில்தான் உங்கள் எஸ்.ஓ.பி.யின் உயிர் இருக்கிறது. ஒருவேளை அவர் சொல்வார்: "ரம்ஜான் வாரத்துல யூனிட் 3-ல நைட் ஷிப்ட் ஆள் ரெண்டு தேதியில வரும்மா, அதைப் பார்த்துக்கணும்." எந்தக் கன்சல்டன்ட் ஃபைலிலும் இந்த வரி இருக்காது.

எழுதி முடித்த பிறகு அண்ணனுக்கு ஒரு வாரம் லீவு கொடுங்கள். சம்பளத்தோடு, சந்தோஷமாக. குடும்பத்தோடு பழனிக்கோ ராமேஸ்வரத்துக்கோ போய் வரட்டும். அந்த வாரச் சம்பளத்தை அந்தத் தாளை மட்டும் வைத்து இன்னொருவர் போடட்டும். அண்ணனுக்கு எத்தனை போன் போனது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டே வாருங்கள். எதற்காகப் போன் போனதோ அது தாளில் விடுபட்டது. அவர் திரும்பி வந்ததும் அவரே சேர்க்கட்டும். இரண்டாவது லீவில் போன் பாதியாகக் குறைந்திருக்கும். 22 வருடத்தில் அவர் நிம்மதியாக லீவு போட்டிருப்பாரா என்று கேட்டுப் பாருங்கள். இல்லை என்றுதான் சொல்வார். இந்த வேலை முடிந்தால் அவருக்கே அது முதல் லாபம் என்பதைப் பக்குவமாகச் சொல்லுங்கள்.

பேக்கப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் விட முடியாது. கம்பெனிக் கணக்குகளின் பேக்கப் தினமும் இந்தியாவில் உள்ள சர்வரில் இருக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதி வந்தது. கணக்குப் புத்தகங்களை எட்டு வருடம் வைத்திருக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல், கணக்கு சாஃப்ட்வேரில் யார் எப்போது எதை மாற்றினார்கள் என்ற தடம் பதிவாக வேண்டும், அதை அணைத்து வைக்க முடியாதபடி இருக்க வேண்டும். உங்களுடையது பிரைவேட் லிமிடெட் என்பதால் இவை எல்லாம் உங்களுக்குப் பொருந்தும். ஆடிட்டரிடம் உட்கார்ந்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

பேக்கப் எடுப்பதை எல்லோரும் செய்கிறார்கள். திருப்பிப் போட்டுப் பார்ப்பவர் குறைவு. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற நிறுவனத்தில் ஒரு இன்ஜினியர் தவறுதலாக வேறு சர்வரில் இருந்த டேட்டாபேஸை அழித்துவிட்டார். உலகம் முழுக்க புரோகிராமர்கள் தங்கள் வேலையை வைத்திருக்கும் இடம் அது. பேக்கப் பல வழிகளில் எடுப்பதாக ஏற்பாடு இருந்தது. போய்ப் பார்த்தால் தினசரி பேக்கப் இருக்க வேண்டிய இடம் காலி. பேக்கப் தோற்றுப்போனதைச் சொல்லும் மின்னஞ்சலும் யாருக்கும் போய்ச் சேராமல் இருந்திருக்கிறது. ஆறு மணி நேரம் முன்பு வேறு காரணத்துக்காக ஒருவர் கையால் எடுத்து வைத்த நகல்தான் காப்பாற்றியது. நடந்ததை ஒளிக்காமல் அவர்களே உலகத்துக்குச் சொன்னார்கள், அதற்காக அவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை. உங்கள் நடைமுறையில் ஒரு வரி போதும்: மாதம் ஒருமுறை, முதல் திங்கட்கிழமை, வேறொரு கம்ப்யூட்டரில் பேக்கப்பைத் திருப்பிப் போட்டு, போன வாரச் சம்பள மொத்தத்தை எடுத்து, அச்சில் இருக்கும் தொகையோடு ஒப்பிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு நகல் கட்டடத்துக்கு வெளியே இருக்கட்டும். பஞ்சும் துணியும் இருக்கும் இடத்தில் தீயை நினைக்காமல் இருக்கக் கூடாது.

யார் எதைத் தொடலாம் என்பதில் நீங்கள் கண்டிப்பாக இருக்க வேண்டியது மூன்று இடத்தில். பதினொரு பேரும் ஒரே பாஸ்வேர்டில் நுழைந்தால் மாற்றத் தடம் இருந்தும் பயன் இல்லை, எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான் வரும். வேலையை விட்டுப் போனவரின் பெயரை அன்று மாலைக்குள் எடுத்துவிட வேண்டும். சப்ளையர் பேங்க் அக்கவுண்ட்டை மாற்றச் சொல்லி மின்னஞ்சல் வந்தால், மின்னஞ்சலில் இருக்கும் நம்பருக்கு அல்ல, நம்மிடம் முன்பே இருக்கும் நம்பருக்குப் போன் செய்து கேட்ட பிறகே மாற்ற வேண்டும். ஏற்றுமதித் தொழிலில் இந்த வழியில் பணத்தை இழந்தவர்கள் பலர். இன்னொன்று, தொழிலாளர்களின் ஆதார் நகலை வாட்ஸ்அப் குரூப்பில் போடுகிற பழக்கம் உங்களிடம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023-இல் சட்டம் வந்துவிட்டது. சட்டம் வராவிட்டாலும் அது அவர்கள் நம்பிக் கொடுத்த தாள்.

இப்போது டைரக்டரின் முப்பது நாள். எல்லாவற்றையும் முப்பது நாளில் எழுத முடியாது என்று நேராகச் சொல்லிவிடுங்கள். எழுதலாம், இன்னொரு அலமாரிக் கட்டு வரும். அதற்குப் பதிலாக ஐந்து வேலைகளை முடித்துத் தருவதாகச் சொல்லுங்கள். வருகை ஏற்றுவது, வாரச் சம்பளம், ஒவ்வொரு மாதமும் 15-ஆம் தேதிக்குள் முடிய வேண்டிய பி.எஃப்.-இ.எஸ்.ஐ., ஜிஎஸ்டி ரிட்டர்ன் தேதிகளான 11-க்கும் 20-க்கும் முன் பில் விவரம் தயாராவது, அப்புறம் பேக்கப். டி.சி. என்ட்ரி அடுத்த மாதம். சாயப்பட்டறைக்குப் போன துணியின் கிலோவும் திரும்பி வந்த கிலோவும் பிராசஸ் லாஸும் (சாயம் போடும்போது குறையும் எடை) ஒரு தனி உலகம், அவசரத்தில் தொட வேண்டாம். தகவல் பாதுகாப்புக்கான ஐ.எஸ்.ஓ. 27001 சான்றிதழ் பற்றி யாராவது பேசினால் ஒரு வருடம் கழித்துப் பார்க்கலாம் என்று சொல்லுங்கள். நல்ல விஷயம்தான், ஆனால் வேலை ஒழுங்காக நடக்கும் இடத்தில்தான் அது நிற்கும்.

டைரக்டரிடம் கேட்டு வாங்க வேண்டியது பணம் அல்ல, ஒரு அதிகாரம். வருகைச் சீட்டு வெள்ளி காலை 11 மணிக்குள் வராவிட்டால், அல்லது மூன்று எண்ணும் பொருந்தாவிட்டால், அந்த யூனிட்டின் சம்பளத்தை ஓட்டாமல் நிறுத்தி வைக்க உங்களுக்கு உரிமை வேண்டும். யூனிட் மேனேஜர்கள் மூவருக்கும் இதை டைரக்டர் தன் கையெழுத்தில் அனுப்ப வேண்டும். இது இல்லாமல் நீங்கள் எழுதும் எந்த நேரமும் காகிதத்தில்தான் இருக்கும். "ஓனர் சொன்னாரு, போட்டு விடுங்க" என்று வருவதற்கும் ஒரு நோட்டு வையுங்கள். யார் சொன்னது, எத்தனை மணிக்கு, என்ன தொகை. மாதம் ஒருமுறை அதை டைரக்டரிடம் படித்துக் காட்டுங்கள். வாதம் செய்ய வேண்டாம், படித்தால் போதும். ஒரே விதிவிலக்கு நாலு முறை வந்திருந்தால் அதுதான் உண்மையான நடைமுறை என்று அர்த்தம், தாளை அதற்கேற்ப மாற்றுங்கள்.

வரும் வியாழக்கிழமையே யூனிட் 2-இல் மட்டும் சீட்டைத் தொடங்கிவிடுங்கள். அச்சடிக்கக் காத்திருக்க வேண்டாம், வெள்ளைத் தாளில் கையால் எழுதினால் போதும். டைம் ஆபீஸ்காரரிடம் நீங்களே நேரில் போய் அந்த ஐந்து டோக்கன் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். அண்ணனையும் கூடவே கூட்டிக்கொண்டு போங்கள். விலகிப் போன பன்னிரண்டு டெய்லர்களின் போன் நம்பர் உங்கள் பதிவில் இருக்கும். சீட்டு நாலு வாரம் சரியாக ஓடிய பிறகு, டைரக்டரின் சம்மதத்தோடு, யூனிட் மேனேஜர் மூலம் அவர்களைக் கூப்பிட்டுப் பேசச் சொல்லுங்கள்.